கப்பல்பாயில் இருபத்துநான்கு ஓட்டை

காற்று என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கொண்டை ஊசி இரண்டு எங்கேயோ பறந்துவிட்டது. கண்ணெல்லாம் செம்மண். கையிலிருந்த காகிதக் கப் நழுவிக் காட்டுக்குள் உருண்டு ஓட, ஒரு செம்மறி ஆடு அதை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. அப்பேர்ப்பட்ட காற்று.

எங்கள் தலைக்கு மேலே, நாற்பதடிப் பாய்மரத்தில் கட்டியிருந்த கப்பல்பாய் மட்டும் கொடியில் போட்ட ஈரப் போர்வை போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

கீழே நூறு பேருக்கு மேல் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். படத்தின் கலை இயக்குநர் ஜெரோம் மெல்லத் திரும்பினார்.

"இந்த ஓட்டையெல்லாம் யார் போடச் சொன்னது?"

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

இத்தனை வாரமாக இந்தப் பத்திரிகையில் என் சாமர்த்தியங்களையே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எந்த ராஜாவின் அந்தப்புரத்துக்கு எத்தனை மீட்டர் திரைச்சீலை கொடுத்தேன், எந்தப் பாட்டுக்கு ஒரே ராத்திரியில் முந்நூறு கொடி தைத்து அனுப்பினேன் என்று அளந்ததையெல்லாம் நீங்களும் பொறுமையாகப் படித்தீர்கள். ஒரு மாறுதலுக்கு என் கோழைத்தனத்தையும் படியுங்கள்.

தண்ணி எப்ப உடுவீங்க?

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டின் மேல் எனக்கு ஒரு திரைச்சீலைக் கடை. வீடுகளுக்கு ஜன்னல் துணி விற்கிற கடைதான். ஆனால் பொள்ளாச்சிப் பக்கம் எந்தப் படப்பிடிப்பு நடந்தாலும் கூடாரம், விதானம், திரை என்று துணியில் எது வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். "அம்மணிகிட்டக் குடுத்தா தப்பு வராது" என்று ஒரு பெயர். அந்தப் பெயர் மேல் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஆசை.

நாலைந்து வருஷம் முந்தி ஒரு பெரிய படம் வந்தது. பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்து கோழிக்கோட்டில் இறங்குவாரே, அந்தப் போர்ச்சுகீசியக் கடலோடியின் கதை. துடியலூரிலிருந்து கோழிக்கோட்டுக்குக் காரில் ஐந்து மணி நேரம். அவருக்குப் பத்து மாதம் ஆயிற்றாம். செலவு எத்தனை கோடி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சாப்பாட்டுப் பந்திப் பேச்சில் மட்டும் தினமும் ஐந்து கோடி ஏறிக்கொண்டே போயிற்று.

இத்தனை செலவு செய்கிறவர்கள் கப்பலைக் கட்டியது கடலில் இல்லை. பல்லடம் தாண்டி, தாராபுரம் போகிற வழியில், ஒரு கொறங்காட்டில்! கொறங்காடு என்றால் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு. மழை பெய்தால் ஆட்டுக்குப் புல், பெய்யாவிட்டால் வெறும் நடை.

காரணம், காற்று. நிஜக் கடலில் கேமராவை நிறுத்த முடியாது, பெரிய மின்விசிறி வைத்தால் காற்று பொய்யாகத் தெரிகிறது என்று ஜெரோம் ஊர் ஊராகக் காற்றைத் தேடி அலைந்து, காற்றாலைகள் சுற்றுகிற இந்தக் காட்டுக்கு வந்து நின்றார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று. யோசித்துப் பார்த்தால், அந்தக் கடலோடி வந்து இறங்கிய கரையிலிருந்து வருகிற காற்றேதான்.

கப்பலும் பாதிதான். கேமரா பார்க்கிற பக்கம் மட்டும் தேக்குபோலப் பளபளக்கும், பின்பக்கம் வெறும் இரும்புக் குழாய். கீழே அதை ஆட்டுவதற்கு ஓர் இயந்திரம். சுற்றிலும் நான் கொடுத்த நீலத் துணி. கடலைப் பின்னால் கம்ப்யூட்டரில் ஊற்றிக்கொள்வார்களாம்.

காட்டுக்காரர் தினமும் வந்து வேலி ஓரம் நின்று பார்ப்பார். நான்காவது நாள் பொறுக்க முடியாமல் என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, கப்பலு ரெடியாயிருச்சுங்களே, தண்ணி எப்ப உடுவீங்க?"

"தண்ணியெல்லாம் உடமாட்டாங்க. பின்னால படத்துல சேத்திக்குவாங்க."

"அப்படிங்களா," என்று காட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். "நாங்கூட காடு நெறையத் தண்ணி உடுவாங்கன்னு சந்தோசமாக் கையெழுத்துப் போட்டுப்போட்டேனுங்க."

அவிநாசியில் பறந்த பந்தல்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. பந்தல் பறந்து பார்த்திருக்கிறேன்.

அந்தப் படத்துக்குக் கொஞ்சம் முந்தி, என் அக்கா மகள் கல்யாணம் அவிநாசியில். ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். பந்தல் துணி என் உபயம். அப்போதும் எனக்குத் தைத்துக் கொடுத்தவர் மைதீன் மாஸ்டர்தான். கோட்டைமேட்டில் ஒரு சந்துக்குள் அவர் பட்டறை. பந்தல் துணி, கூடாரம், லாரிப் படுதா எல்லாம் தைப்பார். ஒல்லியான ஆள், வெள்ளைத் தொப்பி, பல்லில் எப்போதும் ஒரு நூல். எதையும் மூன்று தடவை அளப்பார். அதைவிட, எதையும் இரண்டு தடவை கேட்பார். அது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

"காத்து ஓட்டை போட்டுரட்டுங்களா அம்மணி?" என்று கேட்டார் அன்றைக்கு.

எங்கள் பக்கம் பந்தல்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. காற்று மாதங்களில் கட்டுகிற துணியில், அங்கங்கே ஒரு சாண் அகலத்துக்கு அரைவட்டமாகக் கீறி விடுவார்கள். காற்று அந்த வழியாகப் போய்விடும், துணி நிற்கும். ரோட்டோரப் பேனர்களில்கூடப் பார்த்திருப்பீர்கள்.

"மாப்பிள்ளை தலையில வெயில் உழுகுமுங்க, வேண்டாம்" என்றேன் நான்.

முகூர்த்தம் முடிந்து இரண்டாம் பந்தி உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு காற்று. பந்தல் நான்கு மூங்கிலோடு எழும்பி, மாப்பிள்ளையின் தாய்மாமனையும் ரச அண்டாவையும் சேர்த்து மூடிக்கொண்டு விழுந்தது. தாய்மாமனுக்கு அடி இல்லை. ஆனால் இன்றைக்கும் என்னைக் கண்டால் தலையில் கை வைத்துக்கொள்கிறார்.

அன்றிலிருந்து எனக்குக் காற்று ஓட்டைப் பைத்தியம் பிடித்துவிட்டது. எதைத் தைக்கக் கொடுத்தாலும் முதல் பேச்சு அதுதான். ஒரு தடவை வீட்டு ஜன்னல் திரைக்கே சொல்லிவிட்டு, மாஸ்டர் சிரித்த பிறகுதான் உறைத்தது.

கப்பலுக்குமா அம்மணி?

படத்துக்கான பாய்கள் சென்னையில் தைத்து வந்தவை. ஏற்றிய முதல் நாளே பெரிய பாய் எங்கள் காற்றில் மேலிருந்து கீழாகக் கிழிந்தது. ஜெரோம் போனில் கூப்பிட்டார்.

"அக்கா, ஆறு நாள்ல வேற பாய் வேணும். ஏழாம் நாள் ராத்திரி ஹீரோ ஃபிளைட் ஏறுறார். அதுக்கப்புறம் மூணு மாசம் அவர் கிடைக்க மாட்டார். காத்து வர்ற சீன்தான் பாக்கி. அதுதான் படமே."

காற்றே இல்லாமல் நடுக்கடலில் பல நாள் நின்றுபோன கப்பலுக்குக் கடைசியில் காற்று வருகிறது. பாய் உப்புகிறது. கடலோடி நிமிர்ந்து பார்க்கிறார். அந்தக் காட்சி.

நான் சென்னிமலைக்கு ஓடினேன். போர்வை நெய்கிற தறிகளில் கெட்டி நூல் போட்டு நெய்த காடாத் துணி கிடைத்தது. டீத்தூள் கொதிக்க வைத்த தண்ணீரில் முக்கிப் பழுப்பேற்றினோம். பட்டறை முழுக்க இரண்டு நாள் டீக்கடை வாசம்.

பாயின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு சிவப்புச் சிலுவை வரவேண்டும். அதை வெட்டியது மாஸ்டர்தான். "கோணையாப் போயிட்டா அவங்க சாமிக்கு மரியாதை இல்லீங்க" என்று நான்காவது தடவையும் அளந்தார். தைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தக் கப்பல்காரரு நல்லவருங்களா அம்மணி?"

"படத்துல நல்லவருங்க."

"சரிங்க" என்று நூலைக் கடித்தார்.

ஐந்தாம் நாள் நான் கடையில் இருந்தேன். மாஸ்டருக்குப் போன் போட்டு, "காத்து ஓட்டை போட்டுட்டீங்களாண்ணா?" என்றேன்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"கப்பலுக்குமா அம்மணி?"

"ஏனுங்கண்ணா, காத்துன்னா எல்லாம் ஒரே காத்துதானுங்களே?"

"அவங்க வரஞ்சு குடுத்த படத்துல ஓட்டை காட்டலீங்களே. எதுக்கும் அந்த ஜெரோம் தம்பிய ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு..."

"சென்னைக்காரங்களுக்கு நம்மூர் காத்து தெரியுமுங்களா? அவங்க தெச்சது கிழிஞ்சு தொங்குது. எல்லாத்துக்கும் ரெண்டு தடவ கேக்காதீங்கண்ணா. நாஞ்சொல்றேன், போடுங்க."

போட்டார். ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கு மேல். இருபத்துநான்கு.

பாய் என்பது காற்றைப் பிடிக்கிற துணி என்று நான் யோசிக்கவே இல்லை. என் வாழ்நாள் முழுக்கத் துணி என்றால் காற்றிலிருந்து காப்பாற்ற வேண்டிய பொருள். கடலைப் பார்க்காத ஊரில் பிறந்து கப்பலுக்குத் துணி கொடுத்தால் இப்படித்தான்.

கப்பல் தளத்தில் பிறைகள்

ஏழாம் நாள் காலை பாயைச் சுருட்டியபடியே மேலே ஏற்றி, ஒரே இழுப்பில் அவிழ்த்துவிட்டார்கள். சூரியன் பின்னால் இருந்தது. கப்பல் தளம் முழுக்க வெளிச்சம் பிறை பிறையாக விழுந்து ஆடியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதை ரசித்த ஒரே ஆள் நானாக இருக்கவேண்டும்.

காற்று வந்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் துணி நாக்கைத் துருத்திப் படபடத்தது. பாய் உப்பவில்லை.

அப்போதுதான் ஜெரோம் அந்தக் கேள்வியைக் கேட்டார். தூத்துக்குடிக் கடற்கரைப் பிள்ளை அவர். அப்பா கடலுக்குப் போனவர்.

பாயோடு வந்திருந்த மாஸ்டர் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. கோபம் இல்லை. நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. அதற்குள் எனக்கு என்னென்னவோ ஓடியது. இத்தனை பேர் முன்னால், அம்மணிகிட்டக் குடுத்தா தப்பு வராது என்ற பெயர். நான் குனிந்து முந்தானையைச் செருகிக்கொண்டேன்.

"நானாத்தானுங்க போட்டேன்" என்றார் மாஸ்டர். "பந்தல் தெச்ச கையிங்க. பழக்கதோசம்."

"என்ன மாஸ்டர் இது? எங்கப்பா பாய் கட்டி மீன் புடிச்சவரு. பாயில சின்னக் கிழிசல் இருந்தாலே தச்சுட்டுத்தான் படகுல கால் வைப்பாரு. நீங்க இருபத்துநாலு ஓட்டைய வேணும்னே போட்டு வச்சிருக்கீங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பாத்திருக்கக் கூடாதா?" என்றார்.

"ஆமாங்க தம்பி, பாத்திருக்கோணும்" என்றேன்.

சும்மா இருந்ததைவிட அந்தப் பதில்தான் கேவலம். அதில் நான் அப்பாவி, அவர் குற்றவாளி. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பதற்கு நானே உதாரணமாக நின்றேன்.

கோணி ஊசி

வெளிச்சம் சரியாக இருப்பது சாயங்காலம் நாலரை மணிக்கு. பாயை இறக்கித் தளத்தில் விரிக்கவே பத்து மணி தாண்டிவிட்டது.

மாஸ்டர், அவர் பட்டறையில் தைக்கிற இரண்டு பெண்கள், நான். ஆளுக்கொரு கோணி ஊசி. கீறிய துணியை முதலில் சேர்த்துத் தைத்து, அதன் மேல் மிச்சக் காடாவை ஒட்டுப் போட வேண்டும். இரண்டாவது ஒட்டிலேயே என் கட்டை விரலில் ரத்தம். மாஸ்டர் தன் விரல் கவசத்தைக் கழற்றி என் பக்கம் தள்ளிவிட்டார்.

மத்தியானம் அவர் மட்டும் எழுந்து கீழே போனார். கப்பல் நிழலில் ஒரு துண்டுக் காடாவை விரித்துத் தொழுதார். காற்று துணியின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டே இருந்தது. வேலி ஓரம் நின்ற காட்டுக்காரர் நான்கு கல்லை எடுத்து வந்து நான்கு மூலையிலும் வைத்துவிட்டுப் போனார். நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது இறங்கிப் போய் ஜெரோமிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். "அக்கா, இன்னும் ஒம்பது இருக்குது" என்று பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த பெண் சொன்னாள். உட்கார்ந்துவிட்டேன். உட்கார ஒரு சாக்குக் கிடைத்தது என்பதுதான் உண்மை.

நாலேகாலுக்குப் பாய் ஏறியது. காற்று வந்தது. ஒட்டுகள் ஒவ்வொன்றாக விறைத்து, பாய் முழுக்க உப்பி, மரம் கிறீச்சிட்டது. கீழே நின்றவர்கள் கை தட்டினார்கள். ஆடுகள் மிரண்டு வேலியை ஒட்டி ஓடின. கேமராவுக்குள் பார்த்த இயக்குநர், ஒட்டுப் போட்டதுதான் நிஜமான பாய் மாதிரி இருக்கிறது, பல கடல் பார்த்த பாய் என்று சொன்னாராம்.

அந்தப் பாராட்டு ஜெரோமுக்குப் போயிற்று. ஜெரோம் அதில் ஒரு பங்கை எனக்குக் கொடுத்தார். கிளம்பும்போது காதோடு சொன்னார்: "அக்கா, உங்க வேலை எப்பவும் சுத்தம். இனிமே அந்த மாஸ்டர் மட்டும் வேண்டாம்."

சரி என்று தலையாட்டினேன்.

மத்தியான ஆட்டம்

படம் வந்தது. இரண்டு வாரம்கூட ஓடவில்லை. இத்தனை செலவு செய்தவர்கள் கதைக்கும் கொஞ்சம் செலவு செய்திருக்கலாம் என்று டிக்கெட் கிழிக்கிறவர் சொன்னார். தியேட்டரை விட்டுப் போவதற்குள் மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு ஒரு மத்தியான ஆட்டத்துக்குப் போனேன்.

அந்தக் காட்சி வந்தபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரை முழுக்கப் பாய். கொறங்காடு இல்லை, இரும்புக் குழாய் இல்லை, கண்ணுக்கெட்டிய மட்டும் கடல். மாஸ்டர் உதட்டுக்குள் ஒட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அதா, கீழ் வரிசையில மூணாவது. கோணையா இருக்குது பாருங்க. அது உங்களுதுங்க அம்மணி."

இருவரும் சிரித்தோம். வெளியே வந்து டீக் குடிக்கும்போது, பல மாதமாக மனதுக்குள் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அண்ணா, அன்னைக்கு நாஞ்சொல்லியிருக்கோணும். ஓட்டை போடச் சொன்னது நாந்தான்னு."

அவர் டீயை ஊதிக்கொண்டே இருந்தார்.

"அத எங்கிட்டச் சொல்லி என்னுங்க பண்றது அம்மணி? எனக்குத்தான் தெரியுமே."

கடுமையாகச் சொல்லவில்லை. வழக்கமான மரியாதையோடுதான் சொன்னார். நான் மிச்ச டீயைக் கீழே ஊற்றிவிட்டுக் காசு கொடுக்கப் போனேன்.

போன வாரம் வந்த போன்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என்னுடையது வருஷக்கணக்கில் நின்றுவிட்டது. இந்த வருஷங்களில் ஜெரோம் இங்கே மூன்று படம் செய்தார். மூன்றுக்கும் நான் துணி கொடுத்தேன். மூன்றையும் வேறு பட்டறையில் தைத்தேன். மாஸ்டர் ஒருமுறைகூட ஏன் என்று கேட்கவில்லை. எதையும் இரண்டு தடவை கேட்கிற மனுஷர்.

போன வாரம் ஜெரோம் மறுபடி கூப்பிட்டார். இன்னொரு கடல் படம். இந்தத் தடவை ஏழு கப்பல்.

"சென்னிமலைத் துணியே இருக்கட்டும் அக்கா. தையல் மட்டும் பாத்துக்கங்க. அந்த மாஸ்டர்கிட்டப் போயிராதீங்க, என்ன?"

கை தானாக மேஜை மேலிருந்த அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நூறு பேருக்கு முன்னால் வாயை மூடியவள், தனியாக ஒருவர் காதில் மட்டும் சொன்னால் அது கணக்கில் சேராது என்று தோன்றியது.

"தம்பி, அடுத்த வாரப் புஸ்தகத்தை வாங்கிப் படிங்க. படிச்சுப்போட்டுக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

படித்துக்கொண்டிருப்பீர்கள், ஜெரோம். அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இது. ஓட்டை போடச் சொன்னது நான். உங்களை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று மைதீன் மாஸ்டர் சொன்னார், வேண்டாமென்றதும் நான். கடலையே பார்த்திராத அந்த மனுஷர் போனில் என்னிடம் தெளிவாகக் கேட்டார், "கப்பலுக்குமா அம்மணி?" என்று.